தபோதரனின் மூன்று துவக்குகள்

தபோதரன் வீட்டு வரவேற்பறையில் மூன்று இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. மூன்றும் சுடாதவை என்று அவர் நம்பியிருந்தார்.

முதலாவது எம்ஜி 42. ஸ்பெயினில் செய்த பிரதி, துத்தநாகக் கலவை வார்ப்பும் மரமும். மூடியைத் திறக்கலாம், கைப்பிடியைப் பின்னுக்கு இழுக்கலாம், விசையைத் தட்டினால் சொடுக்குப் போட்டதுபோல ஒரு சத்தம் வரும். குழலுக்குள் விரலை விட்டால் இரண்டாவது மூட்டோடு அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் துளை இல்லை. இரண்டாவது சக்கரம் வைத்த மக்சிம். அது சுவரில் தொங்காது, ஜன்னல் மூலையில் நிற்கும். வருகிற பிள்ளைகள் அதன்மேல் குதிரை ஏறுவார்கள். இரண்டுக்கும் ரசீது இருந்தது. மின்சாரக் கட்டணம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் வைக்கிற கோப்பிலேயே அவற்றையும் துளை போட்டுச் செருகியிருந்தார்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் தண்ணீர்ப் பம்புகளுக்குத் தண்டு கடையும் ஒரு தொழிற்சாலையில் அவர் இருபத்தேழு வருஷமாக லேத் இயக்குகிறார். வயது ஐம்பத்து நாலு. குடிக்கமாட்டார், கோயில் நிர்வாகத்தில் சேரமாட்டார், காணி வாங்கி விற்கத் தெரியாது. ஆகவே வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல இந்தத் துவக்குகள்தான் இருந்தன.

"பிள்ளையார் படம் மாட்டிற சுவரிலை ஆமிக் காம்ப் அடிச்சு வைச்சிருக்கிறாய்" என்பார் சிவராமன். அவர் பக்கத்து நகரம் எசனில் இருக்கிறார். தபோதரனைவிட ஏழு வயது மூத்தவர். ஒன்றாகத்தான் அகதி முகாமில் ஓர் அறையில் இருந்தார்கள்.

"நான் கண்ணாடி அலுமாரி கேட்டனான் அண்ணை. மனுசன் மெசின் கன் வேண்டித் தந்தவர்" என்பார் பிரபாலினி, தேத்தண்ணியை வைத்தபடி.

துவக்கு மேல் ஆசை உள்ளவர் இயக்கத்தில் இருந்திருப்பார் என்று சிலர் கண்ணால் கேட்பார்கள். இல்லை. அவர் ஒருநாளும் துவக்குத் தூக்கியதில்லை. பதினாறு வயதில் கொக்குவிலில் ஒரு பங்கருக்குள் பதினொரு நாள் இருந்தார். மண்ணுக்குள் இருந்து பார்க்க ஒன்றும் இல்லாததால் கேட்கப் பழகினார். இது எல்எம்ஜி, இது ஹெலியிலிருந்து வருகிற ஐம்பது கலிபர், இது தூரம், இது கிட்ட. தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு அதில் தேர்ச்சி. ஒருமுறை சிவராமன், "ஏகே ஒண்டின்ரை பிரதி ஒன்லைனிலை கிடக்கு, வாங்கன்" என்றபோது தபோதரன் மறுத்துவிட்டார்.

"அதின்ரை சத்தம் நான் கேட்டது. இதுகளின்ரை சத்தம் நான் கேளாதது."

சிவராமன் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

மூன்றாவது துவக்கு எம்ஜி 34, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை வைத்திருந்த வகை. போன கோடையில் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கினார். இறந்துபோன சித்தப்பாவின் நிலவறையை ஒழித்த ஒருவன் பூச்சாடிகளுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே அதை ஒரு நீளப் பெட்டிக்குள் வைத்திருந்தான். தார்போல மொத்தமாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தது. அலங்காரப் பிரதிதான், சித்தப்பா தானே பூசியது என்றான். ரசீது இல்லை. இப்படிப்பட்ட சாமான் வெளியே தெரியக் கொண்டுபோகக்கூடாது என்பது தபோதரனுக்குத் தெரியும். பெட்டியோடு காரில் ஏற்றினார். பாரம் கூடவாக இருந்தது. தகரத்தைக் காய்ச்சி ஊற்றி நிரப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஓர் உலோகக்காரன் அப்படி நினைத்திருக்கக்கூடாது. ஆனால் ஆசைப்பட்ட சாமானை ஆர்தான் உரசிப் பார்க்கிறார்கள்.

இதற்கிடையில் இன்னொரு காரியம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஆதிரை ரொறன்ரோவில் கலியாணம் செய்து இருக்கிறாள். தபோதரன் முப்பத்தைந்து வருஷமும் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்துவிட்டார். பிரபாலினி எப்போதோ ஜெர்மன் பிரஜாவுரிமை எடுத்துவிட்டார். இவர்தான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டவர். அந்தக் கடவுச்சீட்டுக்குக் கனடா விசா இரண்டு தரம் மறுத்துவிட்டது. மகளின் கலியாணத்தையே போனில்தான் பார்த்தார். இப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி, மார்கழி முதல் கிழமை பிள்ளைப்பேற்று நாள். ஆகவே போன வருஷம் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டார். பரீட்சை எழுதினார். புரட்டாதியில் கடிதம் வந்தது. கார்த்திகை, அதாவது நவம்பர், பதினாலாம் திகதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரெர்மின், வரச்சொல்லிக் குறித்த நேரம். சத்தியப் பிரமாண வசனம் ஒன்றைச் சொல்லிப் பத்திரத்தை வாங்கவேண்டும். அவசரக் கடவுச்சீட்டு எடுத்தால் மாத முடிவில் இரண்டு பேரும் ஒன்றாகப் பறக்கலாம். அந்த நாளுக்கு அவர் அப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆயுத பூசை ஐப்பசி தொடக்கத்தில் வந்தது. பிரபாலினி பூசையில் பாகுபாடு பார்க்கிறவர் அல்ல. கார், தையல் மெசின், வக்கூம் கிளீனர், தபோதரனின் கருவிப்பெட்டி, தான் வேலைக்குக் கொண்டுபோகிற இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பார். துவக்குகளை அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் வீட்டில் இருக்கிற ஆயுதத்தை விட்டுவிட்டு ஆயுத பூசை செய்வது பிழை. பொட்டு வைக்கிற சாமானைக் கழுவாமல் வைப்பதும் பிழை. குத்துவிளக்கு மினுக்கிய பழப்புளி கையில் மிச்சம் இருந்தது. கறுப்புத் துவக்கைக் குளியலறைத் தொட்டியில் கிடத்தி, புளியும் தும்பும் போட்டுத் தேய்த்தார்.

தபோதரன் வேலையால் வந்தபோது தொட்டி முழுக்கக் கறுப்புச் செதில்.

"இஞ்சேருங்கோ, உங்கடை பெயின்ற் கழருது. எனக்குப் பேசாதேங்கோ. அடிச்சவன்ரை பிழை."

தபோதரன் குனிந்து பார்த்தார். செதில் போன இடத்தில் சாம்பல் நிற உருக்கு. அதில் ஓர் இலக்கம், பக்கத்தில் பொடியாகக் குத்திய ஒரு கழுகு, ஹிட்லர் காலத்து முத்திரை. வார்ப்பில் எழுத்து இப்படி வராது. இது உளி விழுந்து உள்ளே போன எழுத்து. அவர் கைவிளக்கை எடுத்துக் குழலுக்குள் பிடித்தார். அடைப்பு இருந்தது. ஆனால் நன்றாக உள்ளே தள்ளி. அதற்கு முன்னால் குண்டைச் சுழற்றி அனுப்புகிற புரி சுருள் சுருளாக ஓடியது. புரியின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. எத்தனை ஆயிரம் குண்டு ஓடினால் உருக்கு அப்படி மழுங்கும் என்று அவருக்குத் தெரியும்.

"என்ன?" என்றார் பிரபாலினி.

"உண்மையான சாமான்."

"உண்மையான எண்டால்?"

"சுட்டது."

பிரபாலினி கையை உதறிக் குழாயில் கழுவினார். பிறகு சவர்க்காரம் போட்டு இன்னொரு தரம் கழுவினார்.

அன்றிரவு தபோதரன் சட்டத்தைத் தேடி வாசித்தார். யாரோ ஒருகாலம் அரைகுறையாக முடக்கிய போர் ஆயுதம். இதற்கென்று பத்திரம் இருக்கவேண்டும். இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். விசாரணை ஒன்று திறந்தால் பிரஜாவுரிமை நின்றுபோகும். விடிந்ததும் அவர் செய்தது, அவருடைய ஊர்க்காரர் ஆரும் செய்யக்கூடியது. மண்வெட்டியைத் தேடினார்.

கால்வாய்க் கரையில் நகரசபைத் தோட்டக் காணிகள் இருக்கின்றன. அதில் இருபத்து மூன்றாம் இலக்கம் தபோதரனுடையது. கத்தரி, பயற்றங்காய், பூசணி போடுவார். ஐப்பசி எல்லோரும் மண் கொத்துகிற காலம், ஆர் கொத்தினாலும் ஆரும் பார்க்கமாட்டார்கள். சுற்றிவைக்கத் துணி கேட்டார். "என்ரை துணி ஒண்டும் அதுக்குத் தரமாட்டன்" என்றுவிட்டார் பிரபாலினி. பெட்டியோடு காரில் கொண்டுபோய், பயற்றம் பந்தலுக்குப் பக்கத்தில் நெஞ்சளவு கிடங்கு வெட்டி, துவக்கைச் சுற்றாமல் அப்படியே போட்டு மூடினார். எங்கே வைத்தார் என்று பிரபாலினி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மற்ற இரண்டு துவக்குகளுக்கும் சந்தனம் வைத்துப் பூசை நடந்தது. சிவராமன் வந்து சுண்டல் சாப்பிட்டார். சுவரில் வெறும் கொளுக்கியைப் பார்த்து, "மற்றது எங்கை, லீவிலையோ?" என்றார். அவரிடம் மட்டும் தபோதரன் சொன்னார்.

"நல்ல வேலை செய்தாய். பதினாலு முடியட்டும். பிறகு பாப்பம்" என்றார் சிவராமன்.

மூன்று கிழமை கழித்துத் தோட்டச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. புதுத் தண்ணீர்க் குழாய் போடுவதற்காக நிலம் சோதிக்கப்படும். கெல்சென்கிர்ச்சனில் இது புதினம் அல்ல. யுத்தத்தில் போட்ட குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. குழாயோ கட்டிடமோ, எதற்கும் முதலில் ஆட்கள் கருவியோடு வந்து நிலத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். தாளைப் பார்த்ததும் தபோதரன் சோதனைத் திகதியைத் தேடினார். ஆனால் சோதனை முதல்நாளே முடிந்திருந்தது.

திங்கள் பின்னேரம் பிரபாலினி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். தோட்டக் காணிகளுக்கு எதிரே உள்ள முதியோர் இல்லத்தில் பதினேழு வருஷமாகப் பராமரிப்பு வேலை அவருக்கு.

"வியாழக்கிழமை இல்லத்திலை இருக்கிற எல்லாரையும் வேறை இடத்துக்கு எடுக்கினம். எண்பத்து நாலு பேர். தோட்டத்துக்குள்ளை குண்டாம்."

"எந்தத் தோட்டம்?"

"எந்தத் தோட்டம் எண்டு என்னைக் கேக்கிறீங்களே? மீற்றருக்கு மேலை நீளமாம், ஒரு மீற்றர் ஆழத்திலையாம். எங்கடை பயற்றம் பந்தலுக்குப் பக்கத்திலையாம். கச்மாரெக் வந்து சொன்னவர்."

கச்மாரெக் தோட்டச் சங்கத் தலைவர். இருபத்து நாலாம் காணிக்காரர்.

தபோதரன் எதிர்க் கதிரையில் இருந்தார்.

"பங்குனியிலை ஒரு குண்டுக்காக எல்லாரையும் எடுத்தது ஞாபகம் இருக்கே?" என்றார் பிரபாலினி. "ஒக்சிசனிலை இருக்கிறது ஒன்பது பேர். ஒவ்வொருத்தருக்கும் அம்புலன்ஸ். ஃபிறாவ் ஹோல்ஷருக்குத் தொண்ணூற்றாறு வயசு. கதவடியிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ, எந்த நாட்டுக்குப் போறம் எண்டு. பள்ளிக்கூட ஹோலிலை கட்டில் மாத்தேக்கை இடுப்பு முறிஞ்சது. திரும்பி வரேல்லை."

"தெரியும்."

"ஓம், தெரியும். செத்தவீட்டுக்கு நீங்கள்தானே கார் ஓடினீங்கள்."

தபோதரன் எழுந்து பின்கட்டுக்குப் போய்ச் சிவராமனுக்குப் போன் எடுத்தார். சிவராமன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"டேய், நீ அதிர்ஷ்டக்காரன். கிண்டினால் என்ன வரும்? ஜெர்மன் துவக்கு. எங்கை கிடந்தது? ஜெர்மன் மண்ணிலை. நாற்பத்தைஞ்சிலை ஆரோ புதைச்சது எண்டு எழுதிக்கொண்டு போவாங்கள். உன்னை ஒருத்தரும் கேக்கப்போறேல்லை. பேப்பரிலையும் வரும். வாயைப் பொத்திக்கொண்டு இரு."

"கிண்ட முதல் எண்பத்து நாலு பேரை எடுக்கினம் அண்ணை."

"ஒரு நாள்தானே."

"பங்குனியிலையும் ஒரு நாள்தான்."

"தபா, உன்ரை பேரப்பிள்ளை பிறக்கப்போகுது. ரெண்டு தரம் விசா மறுத்தவங்கள். நீ இப்ப போய்ச் சொன்னால் பதினாலாம் திகதியை மறந்துபோடு. சொல்லாட்டி ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காமலும் போகலாம்."

"போகலாம்" என்றார் தபோதரன்.

போனை வைத்தார். சிவராமன் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் அவருக்குக் கரைச்சலாக இருந்தது. குசினிக்குள் வந்தபோது பிரபாலினி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சொன்னால் நான் உம்மோடை கனடாவுக்கு வரேலாது."

"தெரியும்."

"சொல்லாதேங்கோ எண்டு சொல்லுவீர் எண்டு பாத்தன்."

"நான் ஏன் சொல்லுறன். நான் வியாழக்கிழமை காலமை ஆறு மணிக்கு ஒவ்வொரு அறையாப் போய் ஒவ்வொருத்தருக்கும் கோட்டுப் போட்டுவிடவேணும். ஏன் எண்டு கேப்பினம். நான் என்ன சொல்லுறது?" வெங்காயத்தைச் சட்டியில் போட்டார். "உங்கடை பேத்தியோ பேரனோ, அதைப் பாக்கவேண்டாம் எண்டும் நான் சொல்லமாட்டன். நீங்கள் யோசியுங்கோ."

செவ்வாய்க் காலை தபோதரன் தொழிற்சாலைக்கு அறிவித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். பயற்றம் பந்தலைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. கச்மாரெக் தன் குடிலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மனில்தான் பேசினார்கள்.

"அங்கே கிடப்பது குண்டு இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் போட்டேன்."

கச்மாரெக் ரேடியோவை நிறுத்தினார். முழுக்கக் கேட்டார். தலையைச் சொறிந்தார். "கோழி ஏதாவது செத்துப் புதைத்தீர்கள் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றார். பிறகு தன் போனை எடுத்துப் பொலிசுக்கு அடித்து, தபோதரன் கையில் கொடுத்தார்.

ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பொலிஸார் வந்தார்கள். பின்னால் குண்டகற்றும் ஆட்கள் மூன்று பேர். தபோதரன் சொன்ன இடத்தில் மெதுவாகக் கிண்டி, மத்தியானத்துக்கு முன்னமே எடுத்துவிட்டார்கள். அரை மணித்தியாலம் கழித்து வியாழக்கிழமை இடமாற்றம் ரத்து என்று நகரசபைக்கு அறிவித்தார்கள். பொலிஸ் பெண் சின்ன வயது, சுத்தமாக எழுதுகிறவள். வாங்கிய திகதி, இடம், ஆள் எல்லாம் கேட்டாள். கடைசியாகப் பேனையை நிறுத்தினாள்.

"தெரிந்தவுடன் ஏன் எங்களிடம் வரவில்லை?"

"தோன்றவில்லை."

"தோன்றவில்லை என்றால்?"

"எங்கள் ஊரில் சோதனை வருகிறது என்றால் முதலில் புதைப்போம். படங்கள், புத்தகங்கள், வானொலி, எதையும். யாரிடமும் போய்ச் சொல்கிற வழக்கம் இல்லை. முப்பத்தைந்து வருஷம் இங்கே இருக்கிறேன். அப்படியும் மண்வெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது."

அவள் அதை எழுதினாளா என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து மற்ற இரண்டையும் பார்த்தார்கள். கூட வந்த பொலிஸ்காரன் எம்ஜி 42 மேல் காய்ந்திருந்த மஞ்சளைச் சுரண்டி மணந்து பார்த்தான். "இது என்ன?"

"சந்தனம்" என்றார் பிரபாலினி. "ஆசீர்வாதம். எல்லாக் கருவிக்கும் வைப்போம்." நம்பமாட்டான் என்று நினைத்தோ என்னவோ, அலுமாரியைத் திறந்து வக்கூம் கிளீனரை இழுத்துக் காட்டினார். அதன் நெற்றியிலும் மூன்று பொட்டு. பொலிஸ்காரன் அதைப் படம் பிடித்தான். ரசீதுகளைப் பார்த்துவிட்டு இரண்டையும் விட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை பிரபாலினி வழமைபோல வேலைக்குப் போய் வழமைபோல வந்தார். மத்தியானம் பருப்பு சூப், எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டார்கள் என்றார்.

அடுத்த திங்கள் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது, பதினாலாம் திகதி ரெர்மின் ரத்து. வக்கீல் ஐந்தாறு மாதம் என்றார். தானாகச் சொன்னபடியால் வழக்கு இல்லாமலே முடியலாம், முடியாமலும் போகலாம், எதற்கும் வாக்குத் தரமாட்டேன் என்றார்.

தபோதரன் மகளுக்குத் தானே போன் எடுத்தார். ஆதிரையிடம் நடந்தது எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்பா, நீங்கள் ஒருக்காக்கூடப் பொய் சொல்ல மாட்டீங்களா?" என்றாள் கடைசியில்.

"சொல்லுவன். மூண்டு கிழமை சொன்னனான்."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் பிள்ளையை ஆர் தூக்கிறது?"

"உன்ரை மாமா இருக்கிறார்தானே. தூக்கட்டும். கழுத்தைத் தாங்கித் தூக்கச் சொல்லு."

கார்த்திகை இருபத்தெட்டாம் திகதி பிரபாலினியை டுஸல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு ரெயிலில் கூட்டிப் போனார். அதற்கு முதல் நாள் துவக்குகளைக் கழற்றி விற்றுவிடலாம் என்று சொல்லியிருந்தார். அளவு பார்த்துப் பெட்டிகள்கூட வாங்கி வைத்திருந்தார். பயணப் பெட்டியை எடை போட்டுக் கொடுத்த பிறகு பிரபாலினி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"அந்த ரெண்டையும் நான் வருமட்டும் விக்கவேண்டாம்."

"உமக்குத்தான் அது பிடிக்காதே."

"இப்பவும் பிடிக்காதுதான். ஆணி அடிச்ச ஓட்டையைப் பாத்துக்கொண்டு நீங்கள் தனிய இருக்கவேண்டாம். சக்கரம் வைச்சதை மட்டும் ஜன்னலடியாலை எடுங்கோ. தூசி துடைக்க வசதியில்லை."

வரிசை நகர்ந்தது. பிரபாலினி சிவப்பு ஜெர்மன் கடவுச்சீட்டைக் காட்டி உள்ளே போனார். தபோதரன், பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் வேலைக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ரெயிலுக்கு நடந்தார்.